சிட்னி ரவுடிக் கும்பல் பாட்டு: எது முதலில் வந்தது?

'தி பாஸ்டர்ட் ஃப்ரம் தி புஷ்' (The Bastard from the Bush, இங்கே Bush என்றால் நாட்டுப்புறம்) ஆசிரியர் தெரியாத நாட்டுப்பாடல் என்று ஒரு தொகுப்பிலும் ஆஸ்திரேலியக் கவிஞர் ஹென்றி லாசன் எழுதியது என்று இன்னொன்றிலும் இருக்கிறது, கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள் நண்பரே. ரெண்டில் எதையும் முடிந்த முடிவாகப் போடாதீர்கள். உறுதியாகத் தெரிவது, லாசன் 1892ல் 'தி புல்லட்டின்' இதழில் 'தி கேப்டன் ஆஃப் தி புஷ்' (The Captain of the Push) என்ற கவிதையை வெளியிட்டார் என்பதுதான். சிட்னியின் ராக்ஸ் பகுதியில் அப்போது நிஜமாகவே தெருக் கும்பல்கள் ஆட்டம் போட்டன, அவற்றுக்குப் பெயரே புஷ் (Push) தான்.

நாட்டுப்புறத்திலிருந்து வரும் ஒருவன் கும்பலில் சேரக் கேட்பான், தலைவன் 'இதைச் செய்வாயா, அதைச் செய்வாயா' என்று சோதிப்பான். பாட்டு, லாசன் கவிதை ரெண்டிலும் கதை ஒன்றே, பாட்டு மட்டும் கொச்சையாக இருக்கும். அந்தக் கொச்சை வடிவத்தை அந்தக் காலத்தில் எந்தப் பத்திரிகையும் அச்சிட்டிருக்காது, அதனால் அது வாய்வழியாகவும் கைமாறிய பிரதிகளாகவும் பரவி ஆளுக்கொரு விதமாக மாறிவிட்டது. லாசனே முதலில் பச்சையாக எழுதிவிட்டுப் பிறகு பத்திரிகைக்காகச் சுத்தம் செய்தார் என்பாரும் உண்டு, அச்சான கவிதையை மதுக்கடைகளில் பாடியவர்கள் கொச்சையாக்கினார்கள் என்பாரும் உண்டு. எனக்கு ரெண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது, தேதியோடு கையில் இருப்பது அச்சுப் பிரதிதானே. 'லாசன் கவிதையோடு நெருங்கிய தொடர்புள்ள வாய்மொழிப் பாடல்' என்று எழுதுங்கள், எந்தத் தொகுப்பின் வடிவத்தை எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.