செஸ் ஆடிய பொம்மை ஏமாற்று என்றால், அந்தக் காலத்துத் தானியங்கிப் பொம்மைகள் எல்லாமே ஏமாற்றுதானா?

இல்லை. அந்த ஒன்றை வைத்து மற்றவற்றையும் எடைபோடுவது அநியாயம்.

கெம்பெலன் என்பவர் 1770-இல் வியன்னா அரசவையில் காட்டிய, செஸ் ஆடிய ‘துருக்கியர்’ பொம்மைக்குள் ஆள் ஒளிந்திருந்தது உண்மை. பிரெஞ்சுக்காரர் வோக்கன்சன் செய்த இயந்திர வாத்து பாதி உண்மை. சிறகடித்தது, தானியம் கொத்தியது, ஆனால் தின்றது செரித்து வந்ததாகக் காட்டிய எச்சத்தை முன்கூட்டியே உள்ளே வைத்திருந்தார்கள். அதே வோக்கன்சன் 1738-இல் பாரிஸில் கட்டணம் வாங்கிக் காட்டிய புல்லாங்குழல் பொம்மையோ நிஜமாகவே காற்றை ஊதி வாசித்தது.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சர்லாந்தின் ‘எழுதும் சிறுவன்’ பொம்மை. கடிகாரக்காரர் பியேர் ஜாக்கே-துரோ, மகன் ஆன்றி-லூயி, அவர்களோடு வேலை பார்த்த லெஷோ ஆகியோர் செய்தது. 1774-இல் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அப்புறம் பாரிஸ், லண்டன் என்று ஊர் ஊராகப் போனது.

சாவி கொடுத்தால் சிறுவன் இறகுப் பேனாவை மைக்கூட்டில் தோய்க்கிறான், அதிகப்படி மையை உதறுகிறான், எழுத ஆரம்பிக்கிறான். கண்கள் பேனாவோடு கூடவே நகர்கின்றன. சுமார் 6,000 பாகங்கள், எல்லாம் அந்தச் சின்ன உடம்புக்குள்ளேயே.

கேம் (cam) வைத்த ஆட்டோமேட்டிக் லேத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். கேம் என்பது சுழலும்போது தன் விளிம்பின் மேடு பள்ளத்தால் இன்னொரு பாகத்தை நகர்த்தும் தட்டு. ஒரு கேமின் விளிம்பில் கொஞ்சம் பிசகினாலும் பொருள் வீணாகிவிடும். இந்தச் சிறுவனுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று கேம்கள்: இரண்டு கையைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் கொண்டுபோக, மூன்றாவது பேனாவை அழுத்தவும் தூக்கவும். அதனால்தான் கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, மனிதக் கையெழுத்து போலவே வருகிறது. அத்தனையும் கையால் அராவியது என்று நினைக்கும்போது கும்பிடத் தோன்றுகிறது. இன்னொரு சக்கரத்தில் வரிசையை மாற்றி வைத்தால் வேறு வாசகம் எழுதுவான். 40 எழுத்து வரை போகும்.

கூடவே இன்னும் இரண்டு பொம்மைகள். படம் வரையும் சிறுவன் நடுவில் காகிதத்தை ஊதி பென்சில் தூளைப் போக்குவான். இசைக்கும் பெண் தன் விரல்களாலேயே வாத்தியத்தின் கட்டைகளை அழுத்துகிறாள். மூச்சு விடுவது போல மார்பு ஏறி இறங்கும்.

மூன்றும் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடுகின்றன. இணையத்தில் தேடினால், சிறுவனின் முதுகுப்பக்கத்தைத் திறந்து காட்டும் வீடியோவாகப் பாருங்கள். கேம் அடுக்கு ஏறி இறங்கி எழுத்தைத் தேர்ந்தெடுப்பது அதில்தான் தெரியும்.