இளைஞர்கள் நிறைந்த நாட்டுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?
இளைஞர்கள் அதிகம் இருப்பது நாட்டுக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருந்தால் நல்லது. சம்பாதிப்பவர்கள் கூடி, அவர்களை நம்பியிருக்கும் குழந்தைகளும் முதியவர்களும் குறைந்தால் சேமிப்பு வளரும். தென்கொரியா வேகமாக முன்னேறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஆப்பிரிக்க நாடான நைஜரில் ஏறக்குறைய பாதிப்பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். அங்கே பள்ளிக்கூடம், தடுப்பூசிச் செலவுக்கே அரசு திணறுகிறது.

சென்னையில் எங்கள் வியாசர்பாடியில் சாயங்காலமானால் பையன்கள் கால்பந்தில் பறப்பார்கள். அத்தனை தெம்பு! ஆனால் டிப்ளமோ முடித்தவர்கள்கூட பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யப் போகிறார்கள். எனக்கு அதுதான் வலிக்கிறது. இவர்களுக்கு நல்ல வேலை கொடுக்க நேரமும் அதிகமில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். இந்தப் பையன்கள் முதியவர்களாகும்போது, அவர்களைத் தாங்க இளையவர்கள் இவ்வளவு பேர் இருக்கமாட்டார்கள்.