விழத் தெரிந்த அழகர்

அன்புள்ள ஐயா,

பழைய ஹாலிவுட் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். சாப்ளினும் பஸ்டர் கீட்டனும் நகைச்சுவை மேதைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேரி கிராண்டையும் அவ்வரிசையில் சேர்ப்பதுதான் விளங்கவில்லை. அழகர், நன்றாக உடுத்துகிறார், எழுதிக் கொடுத்ததை வேகமாகப் பேசுகிறார். சிரிப்புக்கான பெருமை வசனம் எழுதியவரைத்தானே சேரும்? ‘ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ படத்தில் அவர் விழிகளை உருட்டுவதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. எந்த நகைச்சுவைப் படத்துக்காகவும் அவர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்படவும் இல்லையே.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வசனத்துக்கு வேலையே இல்லாத ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். 1937இல் வெளிவந்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படத்தில், மணவிலக்குப் பெறவிருக்கும் கணவரான கிராண்ட், மனைவியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆவேசத்தோடு ஒரு வீட்டுக்குள் பாய்கிறார். உள்ளே நடப்பதோ இசைக் கச்சேரி. அவையோர் முன்பு பாடிக்கொண்டிருப்பவர் மனைவி ஐரீன் டன். கிராண்ட், அழைப்பின் பேரில் வந்தவரைப் போலப் பின்னால் அமர்ந்து, நாற்காலியைச் சற்றே சாய்க்கிறார். அது சரிந்து அவரையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. விழுந்த பிறகும் கண்ணியத்தைக் கைவிடாமலிருக்க அவர் படும் பாட்டைப் பாருங்கள். டன், பாட்டின் முடிவிலேயே சிரிப்பைச் சுருதி பிசகாமல் கலந்துவிடுவார்.

அந்த விழுதல் தற்செயலாகக் கைவந்ததன்று. பிரிஸ்டலில் 1904இல் பிறந்த ஆர்ச்சி லீச் என்ற சிறுவன், கரணமடித்தும் பொய்க்காலில் நடந்தும் வித்தை காட்டிய பாப் பெண்டர் குழுவில் சேர்ந்து, 1920இல் அதனுடன் நியூயார்க் வந்து, பின்னாளில் கேரி கிராண்ட் ஆனான். நீங்கள் தயங்காமல் ஏற்கும் சாப்ளினும் பாட்டும் வித்தையும் நகைச்சுவையும் கலந்த ஆங்கில மியூசிக் ஹால் மேடைகளில் உருவானவர்தான். ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படத்தின் இயக்குநர் லியோ மெக்கேரியும் லாரல்–ஹார்டி நகைச்சுவை இணையின் குறும்படங்களில் தொழில் பழகியவர். முடிவான திரைக்கதையை நம்பாமல் படப்பிடிப்புத் தளத்திலேயே காட்சிகளைப் புனைந்துகொண்டு போன அவருடைய முறையைக் கண்டு மிரண்ட கிராண்ட், படத்திலிருந்து விலகிவிடவே முயன்றார். எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவர் என்று நாம் நினைக்கும் நடிகரை முழு நட்சத்திரமாக்கியது இந்தப் படம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

சிரிக்க வைக்க முயல்வதாகக் காட்டிக்கொள்ளாமலே சிரிக்க வைக்கும் இத்திறன் தேர்ந்த நடிகர்களுக்கும் எளிதில் வசப்படுவதில்லை. 1938இல் வந்த ‘பிரிங்கிங் அப் பேபி’ படத்தில் நடிக்கத் தொடங்கியபோது காதரின் ஹெப்பர்ன் ஏற்கெனவே ஆஸ்கர் பெற்றவர். ஆயினும் சிரிக்க வைத்தே தீர வேண்டும் என்று அவர் மெனக்கெட்டது காட்சிகளைக் கெடுத்தது. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், மேடையில் பழுத்த நகைச்சுவை நடிகரான வால்டர் கேட்லெட்டை வரவழைத்து, அதே காட்சியைக் கருமமே கண்ணாக நடிப்பது எப்படி என்று நடித்துக் காட்டச் செய்தார். ஹெப்பர்ன் கற்றுக்கொண்டார், கேட்லெட்டுக்குப் படத்திலேயே ஒரு வேடம் தரவேண்டும் என்று வற்புறுத்தி வாங்கியும் கொடுத்தார்.

ஆஸ்கரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘தி ஆஃபுல் ட்ரூத்’துக்காக மெக்கேரி விருது பெற்றார், டன்னும் உடன் நடித்த ரால்ஃப் பெல்லமியும் பரிந்துரைக்கப்பட்டார்கள். கிராண்டுக்குக் கிடைத்த இரண்டு பரிந்துரைகளும் சோகப் படங்களுக்கானவை. கண்ணீரை உழைப்பாகவும் சிரிப்பைச் சுபாவமாகவும் எண்ணிக்கொள்ளும் நடுவர்களின் பழக்கம் அது. 1970இல் கௌரவ விருது கொடுத்து ஈடுகட்டினார்கள்.

‘ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ பற்றி உங்களோடு உடன்படுகிறேன். அதில் தம் நடிப்பு கிராண்டுக்கே பிடிக்கவில்லை. விழிகளை உருட்டும் அந்த மனிதர், நாம் சிரிக்கப் போகிறோம் என்பதை நமக்கு முன்பே அறிந்துவைத்திருக்கிறார். ‘பிரிங்கிங் அப் பேபி’யில் ஹெப்பர்ன் தவறவிட்ட ஆலிவ் காயை மிதித்து வழுக்கி, தம் பட்டுத் தொப்பியின் மீதே உட்கார்ந்துவிடும் தொல்லுயிர் ஆய்வாளருக்கு அது தெரியாது.