தேம்ஸ் பார்ஜ்: பழைய மரப்படகைச் செப்பனிடுவது, ஓட்டுவது குறித்த கேள்வி பதில்

கேள்வி: தேம்ஸ் ஆற்றின் பாய்மரச் சரக்குப் படகான பார்ஜ், அடி தட்டையானதாயிற்றே, காற்றில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகாதா?

பதில்: போகும். அதற்குத்தான் இரண்டு பக்கமும் பெரிய பலகைகள் தொங்குகின்றன, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கப் பலகையை இறக்குவார்கள். தட்டை அடி குறையே இல்லை, தண்ணீர் வற்றினால் சேற்றில் நேராக உட்காரும், அங்கேயே சரக்கு இறக்கலாம். பெரிய பாயைக் குறுக்கே சாய்ந்து நிற்கும் ஒரு நீளக் கழி தாங்குகிறது, கயிற்றை இழுத்தால் பாய் திரைச்சீலை போல பாய்மரத்தோடு ஒதுங்கிவிடும். 90 அடி நீளப் படகை இரண்டே பேர் ஓட்டியது இப்படித்தான்.

கேள்வி: தூத்துக்குடித் தோணிக்குக் கலப்பத்து அடித்த, அதாவது பலகை இடுக்கை அடைத்த குடும்பம் எங்களுடையது. அங்கே எதை வைத்து அடிப்பார்கள்?

பதில்: தார் ஏற்றிய பழைய கயிற்று நார், மேல்தளத்தில் அதன்மேல் காய்ச்சிய கீல், அதாவது தார் போன்ற கரும்பிசின். கரையில் காய்ந்து இடைவெளி விட்ட பலகையில் இறுக்கி அடிக்காதீர்கள், தண்ணீரில் ஊறியதும் பலகை உப்பி ஆணியையே பிடுங்கும்.

கேள்வி: ஒழுகாமல் இருக்க வெளியே ஃபைபர்கிளாஸ் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். மரம் அசையும், அது அசையாது, நடுவில் ஈரம் சிக்கி உள்ளேயே உளுக்கும். அப்புறம் எல்லாருக்கும் சொல்கிறேன், இந்தப் படகுகளை அழிப்பது கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான். உப்பு ஊறிய மரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. முன்பு படகின் உள்பக்க மரச்சட்டங்களுக்கு நடுவே உப்பையே கொட்டி வைத்தார்கள்.

கேள்வி: இன்ஜின் எது பொருத்தலாம்?

பதில்: அது என் துறை இல்லை, மரப்படகைப் பரிசோதிக்கும் சர்வேயரைக் கேளுங்கள்.

கேள்வி: பாதிப் பலகையை மாற்றிய பிறகு அது பழைய படகு எப்படி ஆகும்? புதுசு கட்டிவிட்டுப் பழைய பெயர் வைப்பதுதானே?

பதில்: இல்லவே இல்லை. 1906-இல் இங்கிலாந்தின் கிரீன்ஹைத்தில் கட்டிய கேம்ப்ரியா என்ற பார்ஜ் 1970 வரை வெறும் பாயிலேயே சரக்கு ஏற்றியது, பிரிட்டனில் அப்படி ஓடிய கடைசிப் படகு அதுதான். இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஊரில் 2007-இல் தொடங்கிய அதன் சீரமைப்பில் பெரும்பகுதி புது மரம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி வீசவில்லை, உருவம் சரியாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு பழைய துண்டை அளவெடுத்துத்தான் புதுத் துண்டு ஏற வேண்டும். சரக்கு ஏற்றிய காலத்திலும் பலகை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் கண்ணாடிக்கூடத்தில் வைத்தால் பழைய மரமே தப்புமே?

பதில்: மரம் தப்பும், காய்ந்து வெடித்துத் தப்பும். பாயை ஏற்றவும் சேற்றில் உட்காரவும் தெரிந்த ஆட்கள் யார் இருப்பார்கள்? ஓடாத படகில் அந்தக் கைவேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: அடிப்பக்கம் மட்டும் ஃபைபர்கிளாஸ்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மேல்தளத்தின் ஒழுகலை முதலில் அடையுங்கள், சரக்கறை மூடிகளைத் திறந்து காற்று விடுங்கள்.