ஹாபி சிஎன்சி-க்கு ஸ்பிண்டிலா, ட்ரிம் ரவுட்டரா? பிட் எதெல்லாம் முதல்ல வாங்கணும்?

சின்ன சிஎன்சில (கம்ப்யூட்டர் சொல்ற பாதைல வெட்டுற மெஷின்) மரம், எம்டிஎஃப் (மரநார அழுத்தி செஞ்ச பலகை), அப்பப்ப கொஞ்சம் அக்ரிலிக், முடிஞ்சா அலுமினியமும் வெட்டணும், கூட வந்த மோட்டருக்கு பவர் பத்தல, ட்ரிம் ரவுட்டர் (கைல பிடிச்சு மரம் இழைக்கிற சின்ன ரவுட்டர்) போதுமா இல்ல ஒரேயடியா 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (சிஎன்சிக்குன்னே வர, பிட்ட சுத்துற மோட்டர்) போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல வாட்ஸ பாத்து முடிவு பண்றத விட்டுடுங்க. எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா ஹாபி மெஷின்ல மோட்டர் பவர் தீர்ந்து போறதுக்கு ரொம்ப முன்னாடியே ஃப்ரேம் வளைய ஆரம்பிச்சிடும். வாட்டர் கூலிங் வச்ச 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் தனியாவே நாலஞ்சு கிலோ வரும், அத பெல்ட்ல ஓடுற சின்ன இசட் ஆக்சிஸ்ல (பிட்ட மேலயும் கீழயும் நகத்துற பாகம்) மாட்டினா அந்த வெயிட்ட தூக்கவே இசட் மோட்டர் திணறும், ஸ்டெப் மிஸ் ஆகும், அதாவது போக வேண்டிய இடத்துக்கு சரியா போகாது. 3018 (சுமார் 30க்கு 18 செமீ வெட்டுற மாடல்) மாதிரி குட்டி மெஷின்ல ட்ரிம் ரவுட்டரும் வேண்டாம், 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் வேண்டாம், கூட வர 775 டிசி மோட்டரையே வச்சுகிட்டு நல்ல பிட் வாங்குங்க, இல்லன்னா கொஞ்சம் பெரிய டிசி ஸ்பிண்டில் மாத்துங்க, போதும்.

அதுக்கு மேல சைஸ் உள்ள மெஷின்னா ட்ரிம் ரவுட்டர் உண்மையிலேயே நல்ல ஆரம்பம். ஆனா ரவுட்டர் வாங்குறப்ப மேக்ஸிமம் ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) எவ்வளவுன்னு பாக்காதீங்க, மினிமம் எவ்வளவுன்னு பாருங்க. மகிதா ஆர்டி0701சி 10,000ல இருந்து 30,000 வரைக்கும் போகும், டிவால்ட் டிடபிள்யூபி611 16,000லதான் ஆரம்பிக்கும். மரத்துக்கு ரெண்டுமே ஓகே. அக்ரிலிக்கும் அலுமினியமும் வெட்டணும்னா அந்த கீழ இருக்குற 10,000தான் உங்கள காப்பாத்தும்.

ஏன்னா, பிட்டோட ஒவ்வொரு பல்லும் ஒரு சுத்துக்கு எவ்வளவு மெட்டீரியல கடிக்குதுங்கறதுதான் மொத்த விஷயமும். ஃபீட் ரேட்ட (பிட் மெட்டீரியல்ல நகர்ற வேகம்) ஆர்பிஎம்மாலயும் ஃப்ளூட் (பிட்ல சில்லு வெளிய வர பள்ளம், ஒரு ஃப்ளூட்டுக்கு ஒரு பல்லு) எண்ணிக்கையாலயும் வகுத்தா அது வந்துடும். உங்க மெஷின் ஆடாம நிமிஷத்துக்கு 1,000 மிமீதான் ஓடும்னு வைங்க. 18,000 ஆர்பிஎம், ரெண்டு ஃப்ளூட்னா ஒரு பல்லுக்கு 0.028 மிமீ வருது, அது வெட்டல, தேய்க்குது. சூடு முழுக்க பிட்டுக்கே போகும், முனை மழுங்கும், எம்டிஎஃப் கருகும், அக்ரிலிக் உருகி ஃப்ளூட்டுக்குள்ள அடைச்சுக்கும். அதே ஃபீட்ல ஒத்த ஃப்ளூட் பிட் போட்டு 12,000ல ஓட்டினா 0.083 மிமீ, இப்ப சரியான சில்லு வரும். ஒரு பாஸ் (ஒரு தடவ வெட்டு) ஓட்டி நிறுத்திட்டு விழுந்தத விரல்ல எடுத்து பாருங்க. பைன் மரத்துல சின்ன சின்ன சுருளா, கைல உருட்டுற மாதிரி வரணும், மாவு மாதிரி பொடியா வந்தா ஆர்பிஎம்ம குறைங்க இல்ல ஃபீட்ட ஏத்துங்க. எம்டிஎஃப் எப்படி வெட்டினாலும் பொடியாதான் வரும், அதுல சத்தத்தையும் வெட்டின ஓரத்தோட நிறத்தையும் வச்சுதான் தெரிஞ்சுக்கணும்.

ஸ்பிண்டிலுக்கு எப்ப போகலாம்னா, மணிக்கணக்கா ஓடுற ஜாப் செய்றீங்க, ரவுட்டர் சத்தம் தாங்கல, கார்பன் பிரஷ் மாத்தி மாத்தி அலுத்துடுச்சு, அப்ப போங்க. வாட்டர் கூல்டு ஸ்பிண்டில் ஓடுறப்ப பக்கத்துல நின்னு பேசலாம், பிட் வெட்டுற சத்தம் மட்டும்தான் கேக்கும், அது ஒண்ணுக்கே எனக்கு அது ரொம்ப பிடிக்கும். ஜி-கோட்லயே (மெஷினுக்கு கொடுக்குற கட்டளைகள்) ஸ்பீட் மாத்தலாம்ங்கறது இன்னொரு வசதி. ஆனா 2.2 கிலோவாட்ங்கறது 24,000 ஆர்பிஎம்லதான், 8,000க்கு இறக்கினா பவரும் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்காயிடும். விஎஃப்டி (ஸ்பிண்டிலுக்கு கரண்ட் கொடுத்து வேகத்த கட்டுப்படுத்துற பெட்டி) செட் பண்றப்ப ரொம்ப கவனமா இருங்க, இந்த ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸ்ல ஓடுற மோட்டர், விஎஃப்டில பேஸ் ஃப்ரீக்வன்சி 50னே இருக்க விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணினா காயில் கருகிடும். ஸ்பிண்டில் பாடிய கட்டாயம் எர்த் பண்ணுங்க, தண்ணி ஓடுதான்னு பாக்காம ஸ்டார்ட் பட்டன தொடாதீங்க, ஓடிட்டு இருக்கும்போது ஸ்பிண்டிலுக்கும் விஎஃப்டிக்கும் நடுவுல இருக்குற கனெக்டர கழட்டவே கழட்டாதீங்க.

ரவுட்டரோ ஸ்பிண்டிலோ, கைல காசு மிச்சம் இருந்தா கோலெட்ல (பிட்ட இறுக்கி பிடிக்கிற வளையம்) போடுங்க. மட்டமான கோலெட்ல பிட் 0.05 மிமீ ஆடுதுன்னு வைங்க, நீங்க ஒரு பல்லுக்கு 0.03 மிமீதான் கொடுக்குறீங்க, அப்ப ரெண்டு பல்லுல ஒண்ணுதான் வேலை செய்யும், இன்னொண்ணு சும்மா சுத்தும். அப்புறம் பிட் சீக்கிரம் உடையுதுன்னு பிட்டயே திட்டிட்டு இருப்போம். ஸ்பிண்டில்ல வர ஈஆர் வகை கோலெட்ட முதல்ல நட்டுக்குள்ள சாய்ச்சு 'டக்'னு உக்கார வச்சுட்டு அப்புறம்தான் ஸ்பிண்டில்ல ஏத்தணும், தனியா ஸ்பிண்டில்ல போட்டு மேல நட்ட முடுக்கினா கோணலாதான் பிடிக்கும். 3.175 மிமீ ஷாங்குக்கு (பிட்ல கோலெட் பிடிக்கிற தண்டு) அதே சைஸ் கோலெட் வாங்குங்க, 3 மிமீல திணிக்காதீங்க.

பிட்டுக்கு வரேன். முப்பது பிட் இருக்குற பாக்ஸ் செட் வேண்டாம், பாதிக்கு மேல தொடவே மாட்டீங்க. 6 மிமீ ரெண்டு ஃப்ளூட் அப்கட், அதே சைஸ்ல ஒரு டவுன்கட், 3.175ல ஒத்த ஃப்ளூட் ரெண்டு மூணு, 60 டிகிரி வி பிட் (முனை வி மாதிரி கூரா இருக்கும்) ஒண்ணு, எல்லாம் கார்பைடா வாங்குங்க. பொம்மை, ரிலீஃப் மாதிரி 3டி வேலை செய்யணும்னா மட்டும் பால் நோஸ் (முனை உருண்டையான பிட்) சேத்துக்கலாம். அப்கட் சில்ல மேல தூக்கி எறியும், ஆனா ப்ளைவுட் மேல் ஓரத்துல நார் நாரா பிக்கும், டவுன்கட் மேல் ஓரத்த சுத்தமா வெட்டும், ஆனா ஆழமான பள்ளத்துல சில்லு வெளிய வர வழியில்லாம சூடாகும். ரெண்டு பக்கமும் சுத்தமா வேணும்னா கம்ப்ரெஷன் பிட் இருக்கு, ஆனா அதோட அடி முனைல இருக்குற அப்கட் பகுதிய விட முதல் பாஸ் ஆழமா போகணும், அவ்வளவு ஆழம் சின்ன மெஷின் தாங்காது, அதனால இப்போதைக்கு விட்டுடுங்க.

நீளமான பிட் மேல ஆசைப்படாதீங்க. வெளிய நீட்டிட்டு இருக்குற நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்காகும், விட்டம் பாதியானா பதினாறு மடங்கு. வேலைக்கு தேவையான அளவு மட்டும் வெளிய விட்டு பிடிங்க, ஷாங்க் கோலெட்டுக்குள்ள நல்லா போயிருக்கணும்.

அக்ரிலிக்ல காஸ்ட் (அச்சுல ஊத்தி செஞ்ச) ஷீட்டா பாத்து வாங்குங்க, எக்ஸ்ட்ரூடட் (அழுத்தி தள்ளி செஞ்ச ஷீட்) சீக்கிரம் உருகும். எம்டிஎஃப் தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது, வேக்குவமும் மாஸ்க்கும் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இசட் ஆக்சிஸ் கிளாம்ப அளந்து பாருங்க. மகிதா 65 மிமீ, 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் பெரும்பாலும் 80 மிமீ. 65 மிமீ கிளாம்ப் இருந்தா இப்ப ரவுட்டர் மாட்டிட்டு, பின்னாடி அதே கிளாம்ப்ல 65 மிமீ பாடில வர 800 வாட்ஸ் இல்ல 1.5 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு மாறிக்கலாம், உங்க இடத்துல இருந்தா நான் அததான் செய்வேன்.