வாசகர் கேள்வி பதில்: எடிட்டிங்கில் சேர மறுக்கும் வீடியோக்கள்

கோவில் விழாக்களையும் குடும்ப நிகழ்ச்சிகளையும் ஆசையாகப் படம்பிடித்துவிட்டு, அவற்றை எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவர முடியாமல் தவிக்கும் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. ஒரே சிக்கலைப் பற்றிப் பலர் எழுதியிருந்தால், அவற்றுள் விவரம் மிகுந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே விடை தந்திருக்கிறோம்.

வாசகி, சாட்ஸ்வர்த்: ஐயா, வணக்கம். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோவிலில் நடந்த தீமிதியை என் பேத்தி ஐபோனில் எடுத்தாள். அந்த வீடியோ வி.எல்.சி. ப்ளேயரில் நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் கணினியில் உள்ள எடிட்டிங் மென்பொருளில் சேர்த்தால் சத்தம் மட்டும் வருகிறது, படம் வருவதில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

கோப்பு கெடவில்லை, அம்மா; வி.எல்.சி.யில் அது ஓடுவதே அதற்குச் சான்று. எம்பி4, எம்ஓவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் நாம் காண்பது வெளி உறையின் பெயர் மட்டுமே. அந்த உறைக்குள் படம் ஒரு கோடெக்கிலும் ஒலி இன்னொரு கோடெக்கிலும் சுருக்கப்பட்டிருக்கும்; கோடெக் என்பது சுருக்கும் முறை. 2017-இல் ஐஓஎஸ் 11 வெளிவந்தது முதல், புதிய ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் படத்தை எச்இவிசி என்ற கோடெக்கில் பதிவு செய்கின்றன, எச்.265 என்பதும் அதுவே. வி.எல்.சி. பெரும்பாலான கோடெக்குகளையும் தன்னோடு கொண்டே வருவதால் அதற்குச் சிக்கல் இல்லை. உங்கள் எடிட்டிங் மென்பொருளுக்கோ ஏஏசி என்ற கோடெக்கில் உள்ள ஒலி புரிகிறது, எச்இவிசி படம் புரியவில்லை. ஆகவேதான் ஒன்று வருகிறது, மற்றது வருவதில்லை.

ஊகத்தில் எதையும் செய்வதற்கு முன், மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். படத்தின் கோடெக், ஒலியின் கோடெக், வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் (தனிப்படம்), 8 பிட்டா 10 பிட்டா என்பன எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். எச்இவிசி என்று அதில் இருந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சிறு தொகைக்குக் கிடைக்கும் எச்இவிசி நீட்சியை நிறுவுவது முதல் வழி. விண்டோஸின் துணையோடு இவ்வகைக் கோப்புகளைத் திறக்கும் மென்பொருள்களுக்கு அதுவே போதும். அதற்கும் இணங்காவிட்டால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த வீடியோவை எச்.264 என்ற வேறொரு கோடெக்குக்கு மாற்றி, மாற்றிய பிரதியை எடிட்டிங்கில் சேருங்கள். பழைய கணினியாக இருந்தால் இரண்டாவது வழியே மேல் என்பேன், ஏனெனில் எச்இவிசி திறந்தாலும் டைம்லைனில் தட்டுத் தடுமாறித்தான் ஓடும். இணையத்தில் கண்ட கண்ட இடங்களில் கிடைக்கும் 'கோடெக் பேக்' எதையும் நிறுவ வேண்டாம். அவை ஒன்றைச் சரிசெய்து நான்கைக் கெடுப்பவை.

படம் வந்தபின் தீக்குழியும் மஞ்சள் ஆடைகளும் வெளிறிப்போய்த் தெரிந்தால் அதற்குக் காரணம், வெளிச்சத்தையும் நிறத்தையும் மிகுதியாகப் பதியும் எச்டிஆர் முறை. ஐபோன் 12 முதல் வந்த ஐபோன்கள் எச்டிஆர் நிறத்தில் பதிவு செய்யக்கூடியவை. மென்பொருளில் அந்தக் கிளிப்பின் நிற வெளியை (கலர் ஸ்பேஸ்) மாற்றினால் சரியாகும். அடுத்த விழாவுக்குப் பேத்தியின் போனில் கேமரா அமைப்புகளுக்குள் 'ஃபார்மட்ஸ்' என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்துவிடுங்கள். வினாடிக்கு 60 ஃப்ரேமில் 4கே எடுக்கும் வசதி அப்போது இருக்காது. தீமிதிக்கு அது தேவையும் இல்லை. போனைக் கிடைமட்டமாகப் பிடிக்கச் சொன்னால் அதைவிடப் பெரிய பயன் உண்டு.

வாசகர், லெனேசியா: எம்கேவி கோப்பு ஒன்று எடிட்டிங்கில் சேரவில்லை. பெயரின் கடைசி எழுத்துகளை எம்பி4 என மாற்றியும் பயனில்லை. ஏன்?

பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. ஆனால் எம்கேவி என்ற உறைக்குள் இருப்பது பெரும்பாலும் எச்.264 படமும் ஏஏசி ஒலியுமாகவே இருக்கும். அப்படியானால் மறுபடி சுருக்கவே தேவையில்லை, உறையை மட்டும் மாற்றினால் போதும். இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருளில் இது சில நொடிகளில் முடியும், தரத்தில் இழையளவும் குறையாது. முதலில் பழைய பெயரைத் திரும்ப வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

வாசகர், ஃபீனிக்ஸ்: எங்கள் கோவிலில் ஆடி மாதக் கூழ் பூஜையை ஒரு கேமராவைக் கணினியோடு இணைத்து முழுவதுமாகப் பதிவு செய்தோம். பாதியில் மின்சாரம் போய்விட்டது. எம்பி4 கோப்பு பல கிகாபைட் அளவில் இருக்கிறது, ஆனால் எடிட்டிங் மென்பொருளிலும் திறக்கவில்லை, வி.எல்.சி.யிலும் திறக்கவில்லை. மீட்க வழி உண்டா?

லோட் ஷெடிங் என்ற அட்டவணை மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் இதே கேள்வியைக் கேட்காத கோவில் நிர்வாகம் இல்லை. இன்றைக்கு அட்டவணைப்படி மின்வெட்டு இல்லாவிட்டாலும், கேபிள் பழுதும் திருட்டும் சொல்லிவிட்டா வருகின்றன!

எம்பி4 கோப்பில் இரண்டு முக்கியப் பகுதிகள் உண்டு. படமும் ஒலியும் நிறைந்த பெரும்பகுதி ஒன்று. எந்த ஃப்ரேம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்தக் கோடெக், மொத்தம் எவ்வளவு நேரம் என்ற விவரங்களைத் தாங்கிய 'மூவ்' என்ற சிறு பகுதி மற்றொன்று. வழக்கமான பதிவில், நிறுத்து பொத்தானை அழுத்தியபின்தான் இந்த இரண்டாவது பகுதி எழுதப்படும். அதற்குள் மின்சாரம் போய்விட்டால், பக்க எண்ணும் பொருளடக்கமும் இல்லாமல் தாள்கள் மட்டும் குவிந்து கிடக்கும் கட்டுப்போடாத புத்தகத்தைப் போல ஆகிவிடுகிறது கோப்பு. உங்கள் கோப்பு பல கிகாபைட் அளவில் இருப்பது நல்ல செய்தி. தாள்கள் பத்திரமாக இருக்கின்றன என்று பொருள். அளவு சுழியம் என்று காட்டினால் நிலைமை வேறு: அங்கே இந்த முறையால் மீட்க எதுவும் இல்லை.

முதல் வேலையாகக் கோப்பை வேறொரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைத்துவிடுங்கள். பின்னர் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது வேலை செய்ய ஒரு மாதிரிக் கோப்பு வேண்டும்: அதே கேமராவில், அதே கணினியில், அதே அமைப்புகளோடு எடுத்து ஒழுங்காக முடித்த சிறு பதிவு. அந்த மாதிரியைப் பார்த்து, கெட்ட கோப்பில் ஃப்ரேம்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டறிந்து புதிய 'மூவ்' பகுதியை அது எழுதித் தரும். அமைப்புகளில் ஒன்று மாறியிருந்தாலும், தெளிவுத்திறனோ ஒலியின் வகையோ எதுவாயினும், முடிவு குழப்பமாகிவிடும். ஆகவே பூஜை நாளுக்குப் பிறகு அமைப்புகளை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இதே வேலைக்குக் கட்டண மென்பொருள்களும் உண்டு. மீட்ட காட்சியைக் கண்ணால் காட்டிய பிறகு பணம் கேட்பவற்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

கணினியில் அல்லாமல் கேமராவின் கார்டிலேயே பதிவு செய்யும்போது இப்படி நேர்ந்தால், கார்டை ஃபார்மட் செய்யாமல் அதே கேமராவில் மறுபடி போட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். பாதியில் நின்ற பதிவைத் தாமாகவே சரிசெய்யும் கேமராக்கள் பல உண்டு.

இனிவரும் பூஜைகளுக்கு, பதிவு செய்யும் மென்பொருள் ஓபிஎஸ் ஆக இருந்தால் பதிவின் வகையை எம்கேவி என்று வைத்துவிடுங்கள். எம்கேவியில் விவரங்கள் ஓடும்போதே இடையிடையே எழுதப்படுவதால், மின்சாரம் போன நொடிவரை உள்ளவை பெரும்பாலும் தப்பிவிடும். பதிவு முடிந்தபின் ஓபிஎஸ்ஸிலேயே உள்ள ரீமக்ஸ் வசதியால் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். 2024-இல் வந்த 30.2 பதிப்பு முதல் 'ஹைபிரிட் எம்பி4' என்ற வகையும் அதில் இருக்கிறது, நோக்கம் அதேதான். கோவிலில் இன்வெர்ட்டர் இருந்தாலும், விளக்குகளோடு பதிவுக் கணினியும் அதில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஒலிபெருக்கி மட்டும் இணைந்திருக்கும்.

வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்: 1994-இல் நடந்த எங்கள் திருமணத்தின் விஎச்எஸ் நாடாவைக் கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வைத்திருந்தோம். அதில் விஓபி என்று முடியும் கோப்புகள் உள்ளன. எடிட்டிங்கில் இழுத்தால் படம் துண்டு துண்டாக வருகிறது, சத்தம் இல்லை.

டிவிடியின் விதிப்படி ஒரு விஓபி கோப்பு 1 கிகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பதால், ஒரே நிகழ்ச்சி பல கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கும். தாலி கட்டும் நேரத்தில்கூட வெட்டு விழுந்திருக்கலாம்! ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒலி தடுக்கும். அதற்குப் பதிலாக, மேக்எம்கேவி என்ற மென்பொருளில் வட்டில் உள்ள நிகழ்ச்சியை ஒரே எம்கேவி கோப்பாகத் தரம் குறையாமல் எடுத்து, அதை ஹேண்ட்பிரேக்கில் எச்.264 படமாகவும் ஏஏசி ஒலியாகவும் மாற்றுங்கள். டிவிடியில் உள்ள டால்பி ஒலியைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் ஏற்பதில்லை. சத்தம் வராததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

தென்னாப்பிரிக்கா பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய நாடு. ஆகையால் உங்கள் வட்டில் வினாடிக்கு 25 ஃப்ரேம், 720க்கு 576 என்ற அளவு, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிய வரிகள் ஆகியவையே இருக்கும். ஹேண்ட்பிரேக்கில் அந்த வரிகளைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட மறந்தால், ஆட்கள் அசையும்போது ஓரங்கள் சீப்புப் பற்களாகத் தெரியும். டைம்லைனை 25 ஃப்ரேமில் அமையுங்கள். அமெரிக்க உறவினர் அனுப்பிய வட்டு என்றால் மட்டும் 29.97. எழுதும் வட்டுகள் காலப்போக்கில் மங்குபவை, ஆகவே எடிட்டிங் பிறகு இருக்கட்டும், பிரதி எடுப்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள். நாடா இன்னும் வீட்டில் இருந்தால் அதை எறிய வேண்டாம்.

வாசகி, வெருலம்: மகளின் நடன அரங்கேற்றத்தை ஆண்ட்ராய்டு போனில் எடுத்தேன். எடிட்டிங்கில் சேர்கிறது, ஆனால் போகப் போக ஜதிக்கும் கால் தட்டுக்கும் பொருத்தமில்லாமல் விலகுகிறது.

போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்யும். மேடை விளக்கு மங்கும் ஒவ்வொரு முறையும் வேகம் சற்றுக் குறைந்திருக்கும். வேகம் சீராக இருக்கிறது என்று நம்பி எடிட்டிங் மென்பொருள் கணக்கிடுவதால் ஒலியும் படமும் பிரிகின்றன. மீடியாஇன்ஃபோவில் 'வேரியபிள்' என்று காட்டினால் இதுவே காரணம். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்பதையும் 30 என்பதையும் தேர்ந்து மாற்றி, அந்தப் பிரதியைச் சேருங்கள். ஏற்கெனவே வெட்டி முடித்த வேலையைக் கைவிட வேண்டியதில்லை. பெரும்பாலான மென்பொருள்களில் பழைய கிளிப்பின் இடத்தில் புதிய கோப்பை மாற்றி வைக்கலாம். விலகலை ஈடுகட்ட ஏற்கெனவே நகர்த்திய இடங்களை மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நிகழ்ச்சியில் 25 ஃப்ரேமில் ஓடும் கேமரா ஒன்றும் உடனிருந்தால், போனிலும் 25-ஐத் தேர்வது நல்லது. ஐபோனில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்பதை இயக்கினால் அந்த வேகம் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் அதற்கென உள்ள பதிவுச் செயலிகளில் கிடைக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டர் வேகத்தை 50-இல் ஒரு பங்கு நொடியாக வைத்தால் மண்டப விளக்குகளின் மினுமினுப்பும் பெரும்பாலும் அடங்கும்.