கணவனும் மனைவியும் மட்டும், அவசரமே இல்லாமல் கழித்த விடுமுறை ஒன்றைச் சொல்ல முடியுமா?

போன ஜூனில்தான் போய் வந்தோம், சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் புறநகரில். ஜூன் மாத இரண்டாம் திங்கள்கிழமை இங்கே மன்னர் பிறந்தநாள் விடுமுறை (மன்னர் சார்லஸ் பிறந்தது என்னவோ நவம்பரில், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை). மகன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டான். மூன்று நாள் சேர்ந்தாற்போல் நாங்கள் இருவர் மட்டும் இருப்பது ஏறக்குறைய இருபது வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. போன ஊர் கயாமா. சிட்னிக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் சின்னக் கடலோர ஊர்.

எங்கள் வீட்டில் தென்கடற்கரைப் பயணம் என்றால் அது ஒரே மாதிரிதான் இருக்கும். காலையிலேயே காரை எடுத்து, ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலில் தரிசனம், கேண்டீனில் தோசை, ஸீ கிளிஃப் பாலத்தில் நாலு போட்டோ, இருட்டுவதற்குள் வீடு. சிட்னித் தமிழர்களில் பாதிப் பேருக்கு இந்த வட்டம் பழக்கமாக இருக்கும். இந்த முறை வீட்டுக்காரருக்கு முதுகுப் பிடிப்பு, கார் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, ரயிலில் போகலாம் என்றேன். கார் இல்லாவிட்டால் ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்க ஆசைப்பட்டாலும் நடக்காது. அந்த முதுகுப் பிடிப்புக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

சிட்னி சென்ட்ரலில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மின்சார ரயிலுக்குக் கயாமாதான் கடைசி ஸ்டேஷன், அதனால் தூங்கிப்போனாலும் பயமில்லை. ஓபல் அட்டையில் (இங்கே பஸ், ரயிலுக்கெல்லாம் பயன்படும் பயண அட்டை) வார இறுதியிலும் அரசு விடுமுறையிலும் ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்றினாலும் சுமார் 10 டாலரோடு முடிந்துவிடும். போகும்போது இரண்டு அடுக்கு ரயிலின் மாடியில், இடது பக்க ஜன்னலோரமாக உட்காருங்கள். காடும் குகையுமாக வந்துகொண்டிருந்த பாதை திடீரென்று திறந்து கீழே கடல் தெரியும். கயாமாவுக்கு முந்தின ஸ்டேஷன் பாம்போ, அங்கே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நேராக மணல்தான்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அங்குள்ள ப்ளோஹோல். எரிமலைப் பாறையில் கடல் குடைந்த குகை, அதன் கூரையில் ஒரு ஓட்டை. அலை உள்ளே புகுந்து காற்றை நெருக்க, தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், நல்ல நாளில் 25 மீட்டர் வரைக்கும் கூட. 1797 டிசம்பரில் ஜார்ஜ் பாஸ் என்ற கடலோடி இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார் (ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே இருக்கும் பாஸ் நீரிணைக்கு அவர் பெயர்தான்). 1887-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே நிற்கிறது.

நாங்கள் போன சனிக்கிழமை மதியம் அது ஊதவே இல்லை. கம்பி வேலியைச் சுற்றி முப்பது நாற்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்க, உள்ளே இருந்து சோடா பாட்டில் திறந்தாற்போல் "புஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "இதுக்காம்மா ரெண்டு மணி நேரம் வந்தோம்?" என்றார் இவர். தூண்டிலோடு வந்த பெரியவர் ஒருவர், தென்கிழக்கிலிருந்து அலை வந்தால்தான் இது வேலை செய்யும், இன்றைக்கு வடகிழக்கு, இங்கே சின்ன ப்ளோஹோல் ஒன்றும் இருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள் என்றார். சின்னது தெற்கே இரண்டு கிலோமீட்டர், நாளைக்குப் பார்க்கலாம் என்று அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டோம். காரில் வந்திருந்தால் உடனே கிளம்பியிருப்போம்.

மறுநாள் சூரியோதயம் பார்க்க அலாரம் வைக்கவில்லை. ஜூன் இங்கே குளிர்காலம், ஏழு மணிக்குத்தான் விடிகிறது, மெரினா போலவே கடலுக்குள்ளிருந்து. பாறைகளுக்கு நடுவே கடல் தண்ணீரிலேயே குளம் கட்டி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. அந்தக் குளிரில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா கணவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் செருப்புக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் ஏணியில் இறங்கினார். பத்து நிமிஷம் நீந்தினார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இவர் காலை மட்டும் நனைத்துவிட்டு "ஐயோ!" என்று எடுத்துக்கொண்டார். நான் அதுகூடச் செய்யவில்லை.

சின்ன ப்ளோஹோல் ஏமாற்றவில்லை. உயரம் குறைவுதான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதியது. அங்கே நிற்கும்போதே தூரத்தில் இன்னொரு பீய்ச்சல் தெரிந்தது, பார்த்தால் அது திமிங்கிலம். மே முதல் ஜூலை வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அண்டார்க்டிக் பக்கமிருந்து இந்தக் கரையோரமாகத்தான் வடக்கே போகின்றன. இவர் முதுகு வலியை மறந்து பாறை மேல் ஏறியதை இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி காற்று திசை மாறிவிட்டது போல. படுக்கையில் இருக்கும்போது தூரத்தில் "தும், தும்" என்று கேட்டது. "ஏங்க, பெரிசு ஊதுது போலிருக்கே, போகலாமா?" என்றேன். "கேக்குதுல்ல, போதும், படு" என்றார். கடல் சத்தம் போடும் இடம் என்றுதான் இந்த ஊர்ப் பெயருக்கே பொருள் சொல்கிறார்கள், அதனால் நானும் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கினால் கடற்காகங்களுக்கு முதுகைக் காட்டாதீர்கள், இவர் கையிலிருந்தே ஒன்று பறித்துக்கொண்டு போனது. விடுமுறைத் திங்களன்று ஹோட்டல் பில்லில் கூடுதலாகச் சேர்ப்பார்கள், பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். அப்புறம், பெரும்பாலான காபிக் கடைகளை மூன்று மணிக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள். டிக்காஷனை ஒரு பாட்டிலில் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள், பால் சூடு பண்ண அறையில் ஏதாவது இருக்கும்.